இணைந்தியங்கும் ஸ்கிறேப்பர்களும் உழைப்பின் வரலாறும்

பாரிய கட்டுமானங்களின் வரலாறு பெரும்பாலும் ஆட்சியாளரதும் பொறியியலாளரதும் சாதனையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மண்ணை வெட்டிச் சுமந்து பரப்பியோரின் உழைப்பு அதில் உரிய இடத்தைப் பெறவில்லை. இக்குறையை மனங்கொண்டு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மண்வேலையில் நிகழ்ந்த ஒரு மாற்றத்தை நாம் இங்கு நோக்குவோம்.

1883இல் கலிபோர்ணியாவில் ஜேம்ஸ் போர்ட்டியஸ் காப்புரிமை பெற்ற 'பிரெஸ்னோ' ஸ்கிறேப்பர் குதிரைகளாலும் கோவேறு கழுதைகளாலும் இழுக்கப்பட்டது. 1938இல் ஆர். ஜி. லெட்டூர்னோ தானே இயங்கும் ஸ்கிறேப்பரை அறிமுகப்படுத்தினார். 1956ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் ஏறத்தாழ 41,000 மைல் நீளமான சாலை வலையமைப்புக்கு வழிவகுத்தபோது, இவ்வியந்திரங்களின் தேவை பன்மடங்காகப் பெருகியது.

ஸ்கிறேப்பர், தன் வயிற்றுப்புறத் தொட்டியின் விளிம்பிலுள்ள அலகினால் நிலத்தைச் சீவி மண்ணை உள்ளிழுத்து, வேறிடத்திற் கொண்டுசென்று பரப்புவதாகும். வெட்டும் வேளையில் எழும் எதிர்ப்பை வெல்ல அதன் சொந்த வலு பெரும்பாலும் போதாது. எனவே பின்னின்று தள்ள ஒரு புல்டோசர் வேண்டியிருந்தது. புல்டோசருக்காக ஸ்கிறேப்பர்கள் வரிசையில் நிற்பதும், ஸ்கிறேப்பர்கள் வருந்துணையும் புல்டோசர் வாளாவிருப்பதும் மாறி மாறி நிகழ்ந்தன. ஒப்பந்தகாரரின் கணக்கில் இவ்விரண்டும் நட்டமே.

1960களின் பிற்பகுதியில் இதற்கொரு தீர்வு காணப்பட்டது. முன்னும் பின்னும் எஞ்சின் கொண்ட இரு ஸ்கிறேப்பர்கள் வெட்டுமிடத்தில் ஒன்றோடொன்று கொளுவப்படும். முன்னது மண் ஏற்றும்போது பின்னது தள்ளும். பின்னது ஏற்றும்போது முன்னது இழுக்கும். இவ்வாறு நான்கு எஞ்சின்களின் வலு ஓர் அலகின்மீது குவிகின்றது. இரண்டும் நிரம்பியதும் கொளுவி விடுபட, அவை தனித்தனியே செல்லும்.

இயந்திரங்களிடையே ஏற்பட்ட இக்கூட்டுறவு மனிதருக்கு எதனைக் கொணர்ந்தது என்பதே நம் வினா. தள்ளும் புல்டோசரோடு அதன் சாரதியின் வேலையும் அவ்விடத்தில் இல்லாதொழிந்தது. எஞ்சிய இருவருள் ஒருவரின் தாமதம் மற்றவரின் தாமதமாயிற்று. ஒருவர் அவசரப்பட்டு மோதினால் இருவரும் குலுங்கினர். முன்னர் மேற்பார்வையாளர் விதித்த வேகத்தை இப்பொழுது சக தொழிலாளியின் இயந்திரமே விதிக்கலாயிற்று. ஆயினும் இருவரும் ஒருவர் மனத்தை ஒருவர் அறிந்து இயங்கினாலன்றி இம்முறை பயன்தராது. உழைப்பின் சமூகத்தன்மை இதனைவிடத் தெளிவாகப் புலப்படும் இடங்கள் சிலவே. பாறை செறிந்த நிலங்களிலோ புல்டோசரின் தேவை நீடித்தது.

இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. கூட்டியங்கும் முறை தோன்றுவதற்கு முன்னரே, 1949இல் கல்லோயாத் திட்டத்துக்காக மொறிசன்-நட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் கனரக இயந்திரங்களுடன் இலங்கைக்கு வந்தது. அங்கு உருவான நீர்த்தேக்கம் சேனநாயக்க சமுத்திரம் என அரசியல் தலைவரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அதன் அணைக்கு மண் குவித்தோரின் பெயரை எந்நீர்த்தேக்கமும் தாங்கவில்லை.

இயந்திரத்தைப் பழிப்பது நமது நோக்கமன்று. மனிதனின் முதுகிலிருந்து மண்சுமையை இறக்கியது அதுவே. ஆனால் அதனால் மிஞ்சிய நேரமும் செல்வமும் யாரைச் சென்றடைந்தன என்று வினவாத வரலாறு, பாதி வரலாறே ஆகும்.