குரத்தியும் பிக்குணியும்

மார்த்தாண்டம் பக்கத்துல இருக்கிற சிதறால் மலைக்கு உங்கள்ல நிறைய பேர் போயிருப்பீங்க. பாறையில வரிசையா தீர்த்தங்கரர் சிற்பங்கள், நடுவுல பகவதி. காத்து அருமையா இருக்கும். நான் சொல்ல வந்தது அங்கே வட்டெழுத்தில் இருக்கும் ஒரு சின்னக் கல்வெட்டைப் பத்தி.

ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆவது ஆட்சியாண்டு. பேராயக்குடி அரிட்டநேமி பட்டாரகரின் மாணாக்கி குணந்தாங்கி குரத்தியார், திருச்சாரணத்து மலை அம்மனுக்குப் பொன்பூ கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான் செய்தி. (துறவி கையில பொன்னா என்று யாரும் சண்டைக்கு வராதீங்க!)

குரத்தின்னா வள்ளியோட இனம் இல்லை. குரவர் என்றால் ஆசிரியர், அதுக்குப் பெண்பால். பெண் பிறவியில் வீடுபேறு கிடையாது என்பது திகம்பர சமணத்தின் கொள்கை. ஆனா அந்தப் பெண்ணே குருவா உட்கார்ந்து பாடம் சொல்லலாம்! வந்தவாசி பக்கம் வேடலில், ஆதித்த சோழனின் 14ஆவது ஆட்சியாண்டில், கனகவீரக் குரத்தியாருக்கு 500 மாணவிகள். அங்கிருந்த 400 பெண் துறவிகளோட இவங்களுக்குத் தகராறு. கனகவீரக் குரத்தியார் கூட்டத்துக்குக் காவலும் சோறும் எங்க பொறுப்புன்னு ஊர்க்காரங்க கல்லில் வெட்டிக் கொடுத்திருக்காங்க.

பௌத்தத்தில் கதை வேற. பிக்குணி நூறு வருஷம் துறவியாக இருந்தாலும், இன்னைக்குத் துறவு வாங்கின பிக்குவை அவர்தான் வணங்கணும். பெண்ணுக்கு முழுத் துறவு கொடுக்க பிக்கு சங்கம், பிக்குணி சங்கம் ரெண்டும் வேணும். இலங்கையில் 11ஆம் நூற்றாண்டு வாக்கில், சோழர் படையெடுப்புக் காலத்தில், பிக்குணி சங்கம் அற்றுப்போச்சு. அப்புறம் புதுசா ஒருத்திக்குத் துறவு கொடுக்க ஆளே இல்லை.

எங்க தொழில் பாஷையில் சொன்னா, பேக்கப் மட்டும் சீனாவில் இருந்தது. 5ஆம் நூற்றாண்டில் இலங்கைப் பிக்குணிகள் கப்பலேறிப் போய் அங்கே துறவு கொடுத்திருந்தாங்க. அந்த சீன மரபுப் பிக்குணிகளை வைத்து 1998இல் புத்தகயாவில் இலங்கைப் பெண்களுக்கு மறுபடி துறவு கொடுத்தாங்க. அது மகாயானம் கலந்தது, செல்லாது என்று இலங்கையின் பெரிய பிக்கு பீடங்கள் இன்னும் அங்கீகரிக்கவில்லை. அங்கே இருந்து போனதையே திருப்பிக் கொண்டுவந்தா செல்லாதாம்!

சிதறால் 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பகவதி கோயிலாகிவிட்டது. குரத்தியார் பேரை மட்டும் யாரும் கொத்தி எடுக்கவில்லை. அடுத்த தடவை போனா செல்பி எடுத்த கையோட அதையும் தேடிப் பாருங்க மக்களே.