பிளஸ் 2 கணினி அறிவியல் மதிப்பெண்: எதற்குக் கணக்கில் வரும், எதற்கு வராது?

பிளஸ் 2 தேர்வு முடிவு வந்த அன்று தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் மதிப்பெண் பட்டியல்கள் சுற்றி வரும். நூறு என்ற எண் அதிகம் தென்படுவது கணினிப் பாடத்துக்கு நேராகத்தான். "பிள்ளை கம்ப்யூட்டரில் சென்டம் எடுத்துவிட்டான், இன்ஜினியரிங் சீட்டுக்குக் கவலையில்லை" என்று வளைகுடாவில் இருக்கும் தகப்பனார் சந்தோஷப்படுவார். பொறியியல் கலந்தாய்வுக்கான தரவரிசைப் பட்டியல் வந்த பிறகுதான் அந்த நூறு அதில் சேரவே இல்லை என்பது தெரியவரும். பிள்ளை மேல் கோபப்பட்டுப் பயனில்லை. இந்த விவரம் பிளஸ் 1 சேர்க்கையின்போதே, குரூப் எடுக்கும் நாளிலேயே வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். தமிழக அளவில் கணினி அறிவியலில் நூற்றுக்கு நூறு பெற்றவர்கள் 2022ல் 3,827 பேர். 2023ல் 4,618 பேர். 2024ல் 6,996 பேர். 2025ல் 9,536 பேர். மூன்றே ஆண்டுகளில் இரண்டரை மடங்கு. இதே நான்கு ஆண்டுகளில் இயற்பியலில் சதம் அடித்தவர்கள் முறையே 634, 812, 633, 1,125 பேர். இயற்பியலைக் கணினிப் பிரிவு மாணவர்களோடு உயிரியல் பிரிவு மாணவர்களும் எழுதுகிறார்கள். எழுதுவோர் அதிகம், சதம் குறைவு. 2024ல் கணினி அறிவியலின் தேர்ச்சி 99.80 சதவீதம். அந்த ஆண்டு இயற்பியலில் அது 98.48, கணிதத்தில் 98.57.

நம் பிள்ளைகள் எல்லாரும் திடீரென்று கம்ப்யூட்டர் நிபுணர்கள் ஆகிவிட்டார்களா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வினாத்தாளின் அமைப்பைப் பார்த்தால் காரணம் புரியும்.

நூறு மதிப்பெண் எப்படிப் பிரிகிறது?

எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினா 15, இரண்டு மதிப்பெண் வினா 6, மூன்று மதிப்பெண் வினா 6, ஐந்து மதிப்பெண் வினா 5. தேர்ச்சி பெற எழுத்துத் தேர்வில் 70க்கு 15, மொத்தத்தில் 35 இருந்தால் போதும். செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் பெரும்பாலான பள்ளிகளில் முப்பதுக்கு முப்பதை ஒட்டித்தான் விழும். ஆக, பதினைந்து ஒரு மதிப்பெண் வினாக்களைச் சரியாக எழுதிய மாணவன் அங்கேயே தேறிவிடுகிறான்.

சதத்துக்கு வருவோம். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் 16 பாடங்கள். ஒவ்வொரு பாடத்தின் பின்னாலும் வினாக்கள் உண்டு, தேர்வில் வருவதில் பெரும்பகுதி அங்கிருந்துதான். செய்முறைத் தேர்வுக்கான பயிற்சிகளும் புத்தகத்திலேயே இருக்கின்றன. காரணியப் பெருக்கம் கண்டுபிடிப்பது, ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்ப்பது, ஒரு சொல்லைத் திருப்பி எழுதுவது, ஊழியர் அட்டவணை தயாரிப்பது என்று ஒரு கைக்குள் அடங்கும் பட்டியல். நல்ல நினைவாற்றல் உள்ள பிள்ளை இவற்றை வரி பிசகாமல் மனப்பாடம் செய்துவிடும். இயற்பியலிலும் கணிதத்திலும் எண்களை மாற்றிக் கேட்டுவிடலாம். இங்கே அப்படி மாற்றிக் கேட்பது குறைவு.

பழைய முறையோடு ஒப்பிட்டால் இப்போதைய தாள் மேலானது என்பதையும் சொல்ல வேண்டும். மொத்தம் 1200 மதிப்பெண் இருந்த காலத்தில் கணினி அறிவியல் எழுத்துத் தேர்வு 150க்கு நடந்தது. அதில் 75 மதிப்பெண், அதாவது சரிபாதி, ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பும் ஒரு மதிப்பெண் வினாக்கள். பாடமோ ஸ்டார் ஆபீஸும் சி பிளஸ் பிளஸும். 2019-20 கல்வியாண்டில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் புதிய புத்தகம் வந்தபோது பைத்தான், எஸ்.க்யூ.எல்., தரவுகளை வரைபடமாக்குவது எல்லாம் உள்ளே வந்தன. தொழில் உலகில் இன்று புழங்குகிற மொழி, புழங்குகிற கருவிகள். பாடத்திட்டக் குழுவைப் பாராட்டத்தான் வேண்டும். பாடம் மாறிய அளவுக்குப் படிக்கும் முறை மாறவில்லை.

ஓர் உதாரணம். பைத்தானில் ஒரு நிபந்தனை வரியை எழுதினால், அதற்குக் கட்டுப்பட்ட அடுத்த வரிகளைச் சற்று உள்ளே தள்ளி எழுத வேண்டும். அந்த இடைவெளி அழகுக்காக வைப்பதல்ல, மொழியின் இலக்கணமே அதுதான். ஒரு வரி தவறிப்போனால் புரோகிராம் ஓடாது, அல்லது ஓடித் தப்பான விடை தரும். விடைத்தாளில் பேனாவால் எழுதும்போது இந்தத் தவறு கண்ணில் படுவது கடினம், திருத்துபவரும் பெரும்பாலும் கடந்து போய்விடுவார். கம்ப்யூட்டர் கடந்து போகாது. சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி காட்டும். செயற்கூறு, இனக்குழு, மரபுரிமம் என்று தமிழ்வழியில் தெளிவாகப் படித்த பிள்ளை அந்த இடத்தில் திகைத்து நின்றுவிடும். பாடம் புரியாமல் அல்ல, பிழைச் செய்தியைப் படித்துப் பழக்கம் இல்லாமல்.

மலைக்கு அந்தப் பக்கம்

செங்கோட்டையில் இருந்து புளியரை வளைவு ஏறிக் கோட்டைவாசலைத் தாண்டினால் ஆரியங்காவு, கேரளம். 1956 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும்தான் இருந்தது, அதனால் இந்த ஒப்பீடு நமக்குப் புதிதல்ல. அங்கே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலேயே தகவல் தொழில்நுட்பம் தனிப் பாடம், 50 மதிப்பெண். எழுத்துத் தேர்வுகள் தொடங்கும் முன்பே, மாணவர்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அந்தத் தேர்வை எழுதுகிறார்கள். கொடுத்த வேலையைத் திரையில் செய்து காட்ட வேண்டும். 2001ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்று தொடங்கிய திட்டம் 2017ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. பள்ளிகளில் லினக்ஸ் அடிப்படையிலான கட்டற்ற மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள், உரிமக் கட்டணச் செலவு இல்லை.

நம் மாநிலத்தில் பத்தாம் வகுப்பு வரை கணினிக்குத் தனித் தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசியில் 'காட்சித் தொடர்பு' என்று ஒரு பாடம் இருக்கிறது. 'ஸ்கிராட்ச்' என்ற எளிய மென்பொருளை அதில் அறிமுகம் செய்கிறார்கள். கடைசிப் பாடம் என்பதால் அவசரத்தில் கடந்து போகும் பாடம் அது. பதினொன்றாம் வகுப்பில்தான் நம் பிள்ளை முதன்முதலாகப் புரோகிராம் எழுதத் தொடங்குகிறது.

சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பிலும் பைத்தான்தான், எழுத்துத் தேர்வும் 70தான். மீதி 30ல் 8 மதிப்பெண் மாணவர்கள் சொந்தமாகச் செய்யும் ஒரு புராஜெக்டுக்கு. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் அது இல்லை.

கட்-ஆஃப் கணக்கு

அண்ணா பல்கலைக்கழக வளாகங்களுக்கும் இணைப்புக் கல்லூரிகளுக்கும் நடக்கும் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. ஒரு மாணவி கணிதத்தில் 72, இயற்பியலில் 64, வேதியியலில் 70, கணினி அறிவியலில் 100 எடுத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய கட்-ஆஃப் 72, 32, 35 சேர்ந்து 139. கணினியில் அவள் 60 எடுத்திருந்தாலும் அதே 139தான். கணினிப் பொறியியல் பிரிவில் சேருவதற்கும் இதுவே விதி என்பதைப் பல பெற்றோர் நம்ப மறுக்கிறார்கள்.

ஒரே ஓர் இடத்தில் அந்த நூறு உள்ளே வரும். இரண்டு பேருக்கு ஒரே கட்-ஆஃப் இருந்தால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். அதிலும் சமம் என்றால் இயற்பியல். அதுவும் சமமானால்தான் நான்காவது பாடம்.

கலை அறிவியல் கல்லூரிகளில் நிலைமை வேறு. அரசுக் கல்லூரிகளின் தரவரிசையில் மொழிப்பாடங்கள் நீங்கலாக மற்ற நான்கு பாடங்களின் கூட்டுத்தொகை 400க்குப் பார்க்கப்படுகிறது. மேலே சொன்ன அதே மாணவிக்கு 306. இங்கே கணினியின் நூறு முழுசாகச் சேர்ந்துவிட்டது. பி.எஸ்சி. கணினி அறிவியலோ பி.சி.ஏ.வோ படிக்க நினைப்பவர்களுக்கு இந்த மதிப்பெண் உண்மையிலேயே பயன் தரும். வணிகவியல் பிரிவில் 'கணினிப் பயன்பாடுகள்' எடுத்தவர்களுக்கும் அப்படியே. அந்தப் பாடம் தனி, அதில் பேஜ்மேக்கர், பி.ஹெச்.பி., மின்வணிகம் என்று வரும். பைத்தான் இல்லை. கணினி அறிவியலும் கணினிப் பயன்பாடும் ஒன்றுதான் என்று நினைத்துக் குரூப் எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மத்தளம்பாறையில் கேட்பது

நம் வட்டாரத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு. குற்றாலத்துக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிறது. மென்பொருள் வேலை என்றால் சென்னை, பெங்களூரு என்று வீட்டை விட்டுப் போக வேண்டும் என்ற நிலை இங்கே ஓரளவு மாறியிருக்கிறது. பெண் பிள்ளையை வெளியூர் அனுப்பத் தயங்கும் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

அந்த நிறுவனம் 2005ல் தொடங்கிய பயிற்சிப் பள்ளிக்குத் தென்காசியிலும் கிளை உண்டு. பிளஸ் 2 அல்லது டிப்ளமோ முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை, மாதந்தோறும் உதவித்தொகையும் தருகிறார்கள். தேர்ந்தெடுப்பது அவர்களே நடத்தும் தேர்வு, நேர்முகம் வழியாக. மதிப்பெண் பட்டியலில் உள்ள நூறு அங்கே ஓர் அறிமுகம் மட்டும்தான். முன்பின் பார்த்திராத ஒரு கணக்கைக் கொடுத்து, இதற்கு வழி சொல்லு என்று கேட்பார்கள். புத்தகத்தில் உள்ள ஒன்பது பத்துப் பயிற்சிகளை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்கும், அந்தப் பயிற்சிகளைப் பிரித்துப் போட்டு விளையாடிய பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் அந்த மேசையில் தெரிந்துவிடும்.

இந்த வித்தியாசத்தைப் பெற்றோர் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம், கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. கடந்த பத்து நாள் மளிகை, மீன், பால் செலவை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மொத்தம் எவ்வளவு, எந்த நாள் அதிகம், ஐநூறு ரூபாய்க்கு மேல் போன நாட்கள் எத்தனை என்று சொல்லும் ஒரு புரோகிராமைப் புத்தகம் பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள். எழுதி, ஓட்டிக் காட்ட வேண்டும். முதல் தடவை பிழை வந்தால் தப்பில்லை. பிழையைப் படித்துத் தானே திருத்துகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டால் அந்தப் பிள்ளை எடுத்தது 85 ஆக இருந்தாலும் கவலைப்பட ஒன்றுமில்லை.

இதற்கு வீட்டில் லேப்டாப் வேண்டுமே என்பார்கள். நியாயமான கேள்வி. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், பள்ளி மாணவர்களுக்குக் கொரோனா காலத்தோடு நின்றுபோனது. பைத்தான் பாடம் வந்ததும் லேப்டாப் நின்றதும் கிட்டத்தட்ட ஒரே சமயம். ஆனாலும் பைத்தான் இலவச மென்பொருள். அண்ணனோ அக்காவோ வாங்கிய பழைய அரசு லேப்டாப் பரணில் கிடந்தால், அதற்குப் பொருந்தும் பழைய பதிப்பைப் போட்டு ஓட்டலாம். செல்போனிலும் எழுதிப் பார்க்கலாம், விசைப்பலகை சிறிது என்பதுதான் தொல்லை. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைக்கப்பட்டிருக்கிறது. வாரத்தில் எத்தனை பாடவேளை அங்கே கூட்டிப் போகிறார்கள் என்று பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் கேட்க நமக்கு உரிமை உண்டு.

இன்னொன்றையும் அந்தக் கூட்டத்தில் கேட்க வேண்டியிருக்கிறது. 2018 மார்ச்சில் தொடங்கிய பிளஸ் 1 பொதுத்தேர்வு, 2025-26 கல்வியாண்டு முதல் ரத்து செய்யப்பட்டுவிட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்தது என்பது சரி. ஆனால் 2018க்கு முன்பு பல பள்ளிகளில் என்ன நடந்தது என்பது நமக்கு மறந்துவிடக் கூடாது. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தினார்கள். கணினி அறிவியலில் புரோகிராம் எழுதும் அடிப்படை முழுவதும் பதினொன்றாம் வகுப்பில்தான் இருக்கிறது. வழிமுறைகளைப் படிப்படியாக வகுப்பது எப்படி என்பதும், சி பிளஸ் பிளஸும் அங்கேதான். பன்னிரண்டாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் புரோகிராமைப் பைத்தான் வழியாக இயக்கும் பாடம் ஒன்று வருகிறது. முதல் வருடம் படிக்காத பிள்ளைக்கு அது மனப்பாடப் பகுதியாகத்தான் போய்ச்சேரும். தேர்வில் அந்த ஐந்து மதிப்பெண்ணும் கிடைத்துவிடும், அதனால் யாருக்கும் தெரியவும் வராது.

மதிப்பெண் குறைந்துவிட்டதாக நினைப்பவர்கள் முடிவு வந்த சில நாட்களுக்குள் விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். நகலைப் பார்த்த பிறகு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கோரலாம். கணினித் தாளில் அவுட்புட் எழுதச் சொல்லும் வினாக்களையும், எஸ்.க்யூ.எல். கட்டளைகளையும் முதலில் சரிபார்க்கவும். பொறியியல்தான் நோக்கம் என்றால் அந்தப் பணத்தையும் நேரத்தையும் கணிதம், இயற்பியல், வேதியியல் தாள்களுக்குச் செலவிடுவதே நல்லது. கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண் கட்-ஆஃபில் ஒன்று, மற்ற இரண்டிலும் அரை. கணினியில் கூடினால் அங்கே பூஜ்யம்.