பேராதனையின் சீ.பீ. எண்கள்

மஹய்யாவவிலிருந்து கண்டி நகரைக் கடந்து கொழும்பு வீதியில் சென்றால் பேராதனை தாவரவியல் பூங்கா வரும். அங்கே அழுத்திக் காயவைத்த செடிகள் தடித்த தாள்களில் ஒட்டப்பட்டு, அடுக்கடுக்காகப் பாதுகாக்கப்படுகின்றன. பழைய தாள்கள் பலவற்றில் ‘சீ.பீ.’ என்ற இரண்டு எழுத்தும் அடுத்து ஓர் எண்ணும் இருக்கும். ‘சிலோன் பிளாண்ட்ஸ்’ என்பதன் சுருக்கம் அது. 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தாள்களையும் குறிப்புகளையும் கடிதங்களையும் ஒன்றோடொன்று பிணைத்தவை இந்த எண்களே. இலங்கைத் தாவரங்களைப் பற்றி எழுதுவோருக்கு இன்றும் அவை தேவைப்படுகின்றன.

செடிக்கு எண்ணிட்டு நூலோடு இணைக்கும் வழக்கம் இங்கே அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவர் பால் ஹெர்மன் 1670களில் இலங்கையில் செடிகளைச் சேகரித்தார். அந்தத் தொகுப்பு பல கைகள் மாறிச் சுவீடனில் இருந்த தாவரவியலாளர் லின்னேயஸின் பார்வைக்குப் போனது. இலங்கை மண்ணை மிதிக்காமலே, அந்தக் காய்ந்த செடிகளைக் கொண்டு அவர் 1747இல் ‘ஃப்ளோரா சைலானிக்கா’ நூலை வெளியிட்டார். நூலில் தாம் கொடுத்த எண்ணை ஹெர்மனின் செடிக்கு அருகிலும் எழுதிவைத்தார். நூலிலிருந்து செடிக்கும் செடியிலிருந்து நூலுக்கும் போகும் வழி அப்படித்தான் உருவானது.

பேராதனைப் பூங்கா 1821இல் தொடங்கப்பட்டது. அலெக்சாண்டர் மூன் 1824இல் தாவரப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். 1844இல் பொறுப்பேற்ற ஜார்ஜ் கார்ட்னர் பெரிய தொகுப்பொன்றைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போதே 1849இல் நுவரெலியாவில் காலமானார். அதே ஆண்டு வந்த ஜார்ஜ் த்வைட்ஸ் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பூங்காவை நடத்தினார்.

சேகரிப்பவர் பறிக்கும் ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனி எண் கொடுப்பதுதான் பொதுவான வழக்கம். த்வைட்ஸ் மாதிரிக்கு எண் கொடுக்கவில்லை, இனத்துக்குக் கொடுத்தார். ஒரே இனம் என்று தமக்குத் தோன்றிய எல்லாவற்றையும், ஹந்தானையில் கிடைத்தாலும் அம்பகமுவையில் கிடைத்தாலும், எந்த ஆண்டில் யார் பறித்திருந்தாலும், ஒரே எண்ணின் கீழ் சேர்த்தார். எண்கள் சுமார் 4,000 வரை போயின. அதே எண்ணோடு படிகள் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்கா, இலண்டன், பாரிஸ் முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டன. கியூவிலிருக்கும் அறிஞர் ஓர் எண்ணைக் குறிப்பிட்டு ஐயம் கேட்டால், பேராதனையில் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துப் பதில் எழுதலாம். 1858 முதல் 1864 வரை பகுதி பகுதியாக வந்த அவருடைய இலங்கைத் தாவர நூலிலும் ஒவ்வோர் இனத்தோடும் சீ.பீ. எண் அச்சானது.

இந்த முறையால் விளைந்த நன்மைக்கு ஒரு சிறு நீர்ச்செடியே சாட்சி. லிம்னாந்தெமம் இண்டிகம் என்று அன்று அழைக்கப்பட்ட அந்த மிதவைச் செடியின் பூக்களில் இரண்டு வடிவம் உண்டு. ஒன்றில் சூல்தண்டு நீளம், மகரந்தத் தாள் குட்டை. மற்றொன்றில் இது தலைகீழ். ஒரே செடியைப் பார்ப்பவருக்கு இது தெரியாது. பலவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பவர் கண்ணுக்கே படும். த்வைட்ஸ் இந்த வேறுபாட்டைத் தம் நூலில் குறித்தார். சார்ள்ஸ் டார்வின் அதைக் கவனித்தார். சாராயத்தில் இட்ட பூக்களைத் த்வைட்ஸ் அவருக்கு அனுப்பிவைத்தார். பூக்களின் இருவடிவம் பற்றி டார்வின் 1877இல் வெளியிட்ட நூலில் இந்த இலங்கைச் செடிக்கும் இடம் கிடைத்தது. ஒரு வரிக் குறிப்பு பெரியதொரு கருத்துக்குச் சான்றானது இப்படித்தான்.

ஆனால் இந்த முறையில் பாரதூரமான குறை ஒன்றும் இருந்தது. வெளிநாடுகளுக்குப் போன படிகள் பலவற்றில் எண்ணைத் தவிர இடமோ தேதியோ இல்லை. ஒரே இனம் என்று த்வைட்ஸ் சேர்த்தவற்றில் இரண்டு இனங்கள் கலந்திருந்தால், எந்தக் கிளை எங்கே பறிக்கப்பட்டது என்பதை எண்ணிலிருந்து அறிய வழியில்லை. 20ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் சேர்த்த சுமார் 90,000 குறிப்புச் சீட்டுகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அவர் ஒவ்வொரு சீட்டுக்கும் மாறாத தனி எண் கொடுத்து, தொடர்புகளைத் தனியே எழுதினார். கருத்து மாறினாலும் சீட்டு தன் இடத்தில் இருந்தது. த்வைட்ஸிடமோ எண்ணே ஒரு முடிவாக இருந்தது. முடிவு தவறினால் எண்ணும் தவறியது.

அதைச் செப்பனிட்டவர் 1880இல் பொறுப்பேற்ற ஹென்றி டிரைமன். முன்பு பிரிட்டிஷ் மியூசியத்தில் பணியாற்றிய அவர், அங்கிருந்த ஹெர்மன் தொகுப்பை ஆராய்ந்து 1887இல் கட்டுரை வெளியிட்டார். அவருடைய இலங்கைத் தாவரக் கைநூலின் முதல் தொகுதி 1893இல் வந்தது. அதில் இனத்தின் பெயருக்குக் கீழே ஹெர்மன், லின்னேயஸ், மூன், த்வைட்ஸ் ஆகியோரின் பக்கமோ எண்ணோ வரிசையாக நிற்கும், பிறகு சீ.பீ. எண். சிங்களப் பெயருக்கு ‘எஸ்’, தமிழ்ப் பெயருக்கு ‘டி’ என்ற அடையாளம் உண்டு. பாலை மரத்துக்கு ‘பலு’, ‘பாலை’ என்ற இரண்டு பெயரும் அப்படிப் பதிவாயின. செடி எங்கே, யாரால் கண்டெடுக்கப்பட்டது என்பதையும் பூக்கும் மாதத்தையும் அவர் எழுதினார். த்வைட்ஸ் எண்ணுக்குள் அடக்கியதை டிரைமன் சொற்களில் விரித்துவைத்தார். அடுத்தடுத்து இன்னும் இரண்டு தொகுதிகளை முடித்த டிரைமன் 1896இல் காலமானபோது, எஞ்சிய இரண்டையும் இங்கிலாந்திலிருந்த தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1898இலும் 1900இலும் நிறைவு செய்ய முடிந்தது. குறிப்புகள் பிறர் எடுத்தாளக்கூடிய நிலையில் இருந்ததே அதற்குக் காரணம்.

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் துணையோடு 1968இல் தொடங்கிய பணியின் பயனாக, திருத்திய கைநூல் 1980 முதல் 2006 வரை 15 தொகுதிகளாக வெளிவந்தது. சீ.பீ. தாள்களைக் கையாளும் ஆய்வாளர்கள் இப்போது எண்ணை மட்டும் நம்புவதில்லை. பல கிளைகள் ஒட்டப்பட்ட தாளிலிருந்து ஒரு மாதிரியைத் தேர்ந்து, அது எந்தக் காப்பகத்தில் உள்ளது, தாளில் எழுதிய ஊர் எது என்பவற்றையும் எண்ணோடு சேர்த்தே குறிப்பிடுகிறார்கள்.