தனுஷ்கோடியை விழுங்கிய சூறாவளி

இராமேசுவர யாத்திரை என்றதும் எமது மூத்தோர் நினைவில் எழுவது தலைமன்னார்த் துறையும், அங்கிருந்து கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கியமையுமே. 1914இல் திறக்கப்பட்ட அவ்வழி, ஐம்பது ஆண்டுகளின் பின், 1964 திசெம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் அறுந்தது. அதனை அறுத்த சூறாவளியை அது பிறந்த இடத்திலிருந்தே பின்தொடர்ந்து பார்ப்போம்.

திசெம்பர் 17இல் தென் அந்தமான் கடலிலே காற்றுக் குழப்பமொன்று தோன்றிற்று; 19இல் அது தாழமுக்கமாக வலுத்தது. அது உருவாகிய இடம் ஏறக்குறைய வட அகலக்கோடு 5 பாகை. மத்திய கோட்டுக்கு இத்துணை அண்மையில் புவிச் சுழற்சியின் விசை மிகக் குறைவு. ஆகவே காற்று சுழன்று திரள்வது அரிது. அங்கே பிறந்தும் இது தளரவில்லை. 21ஆம் நாளின் பின் மேற்கு நோக்கி, கோடு கிழித்தாற்போல, நாளொன்றுக்கு 400 முதல் 550 கிலோமீற்றர் வரை விரைந்தது.

அந்நாளிற் புயலைத் தொடர்வது எளிதன்று. முதல் வானிலைச் செய்மதி ஏவப்பட்டதே 1960இல்தான். கப்பல்களின் செய்தியும் கரையோரப் பாரமானிகளுமே பெருந்துணை. புயல் செல்லும் திசையை ஒருவாறு கணிக்கலாம். அதன் வலிமை மணிக்கு மணி மாறுவதை அறிவதே கடினம்.

22ஆம் நாள் அது வவுனியாவைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீற்றர் என மதிப்பிட்டனர். திருகோணமலை, மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகள் பட்ட பாட்டை வாசகர் தத்தம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிக. நிலத்தில் ஏறிய புயல் கடலின் ஈரவெப்பத்தை இழந்து மெலிவது இயல்பு. ஆயின் எமது வடபகுதியோ தாழ்ந்த சமநிலம். தடுக்க மலையுமில்லை, அகலமுமில்லை. சில மணி நேரத்தில் புயல் மீண்டும் கடலைத் தொட்டது.

இனித்தான் பெருங்கேடு. எமது அரைக்கோளத்திற் சூறாவளி இடஞ்சுழியாகச் சுழலும். எனவே மேற்கே செல்லும் புயலின் முன்புறத்தில் வடகாற்று வீசும். ஆழமற்ற பாக்கு நீரிணையின் நீரை அது தெற்கே தள்ள, எதிரே நின்றது தனுஷ்கோடி என்னும் ஒடுங்கிய மணற்றிட்டு. ஏறத்தாழ 7 மீற்றர் உயர அலைகள் எழுந்தன.

இரவு 11.55க்குப் பாம்பனிலிருந்து புறப்பட்ட புகையிரதத்திற் பயணிகள் 110 பேரும் ஊழியர் ஐவரும் இருந்தனர் என்பது கணக்கு. தனுஷ்கோடியை அண்மித்தபோது கைகாட்டி செயலிழந்திருந்தது. சிறிது நேரம் காத்துநின்ற சாரதி, நீண்ட ஊதலொலி எழுப்பிவிட்டு வண்டியைச் செலுத்தினார் என்பர். அலை அவ்வண்டியை முழுதாகக் கவிழ்த்தது, ஒருவரும் மீளவில்லை. தந்திக் கம்பிகளும் பாம்பன் பாலமும் சிதைந்தமையால், வண்டியின் கதி வெளியுலகுக்குத் தெரிய இரண்டு நாட்களாயின. ஐந்து நாட்களாகப் பலரும் நோக்கியிருந்த புயல், ஒரு புகையிரதச் சாரதிக்கு மட்டும் சொல்லாமல் வந்தது போலாயிற்று!

அப்புயலில் மாண்டோர் ஏறத்தாழ 1800 பேர் என்பர். இராமநாதசுவாமி ஆலயத்தில் நூற்றுக்கணக்கானோர் தஞ்சமடைந்து உயிர் தப்பினர். பாலத்தை 46 நாட்களிற் சீர்செய்தனர். தனுஷ்கோடியை மட்டும் மக்கள் வாழத் தகாத இடமென மதராஸ் அரசு அறிவித்தது. கப்பல் பின்னர் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடி, 1984இல் நின்றுபோனது. பழைய புகையிரத நிலையத்தினதும் தேவாலயத்தினதும் சுவர்கள் இன்றும் அம்மணலில் நிற்கின்றன.