சானடோரியம் ஸ்டேஷன்

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் குரோம்பேட்டை தாண்டியதும் ஒரு ஸ்டேஷன் வருகிறது. ஒருநாள் எனக்கு எதிரே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சிறுவன் அந்தப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "தாத்தா, சானடோரியம்னா என்ன?" என்று கேட்டான்.

தாத்தா பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது ஒரு ஊருடா. எறங்கறவா எறங்குவா" என்றார்.

குறுக்கிட்டுச் சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் அடுத்த ஸ்டேஷனில் அவர்கள் இறங்கிவிட்டார்கள். அந்தப் பையனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

க்ஷயரோகத்தின் கிருமியை ராபர்ட் காக் என்ற ஜெர்மன் வைத்தியர் 1882-ல் கண்டுபிடித்தார். அந்தக் கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல்தான் வந்தது. இடையில் அறுபது ஆண்டுகள் டாக்டர்களின் கையில் இருந்தவை நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, இவ்வளவுதான். எனவே ஊரை விட்டுத் தள்ளி, மலையிலோ காட்டிலோ ஒரு விடுதி கட்டி, நோயாளியை அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். ஜன்னல்களை இரவும் பகலும் திறந்தே வைக்க வேண்டும். பனி பெய்தாலும் மூடக் கூடாது. ஜெர்மனியில் நார்ட்ராக் என்ற மலைக் கிராமத்தில் இந்தச் சிகிச்சை பேர் வாங்கியது. சீமையில் பலர் அதைப் பின்பற்றினார்கள். அவர்களுள் ஒருவர் நம்மவர்.

டாக்டர் டேவிட் சவுரிமுத்து. பெயரைக் கேட்டதும் எந்தப் பக்கத்து மனிதர் என்று தெரிந்துவிடுகிறது அல்லவா? இங்கிலாந்து சென்று வைத்தியம் படித்து, அங்கேயே நிலைத்துவிட்டவர். சாமர்செட் ஜில்லாவில் வெல்ஸ் என்ற சிறு நகரத்துக்கு அருகே, மெண்டிப் குன்றுகளின் மேல், அவர் ஒரு சானடோரியம் நடத்தி வந்தார். வெள்ளைக்கார நோயாளிகளுக்கு ஓர் இந்தியர் பெரிய டாக்டராக இருந்து, ஜன்னலைத் திற, மூடாதே என்று உத்தரவிட்டுக்கொண்டிருந்த காட்சியை நினைத்துப் பார்க்க எனக்குச் சற்றுச் சந்தோஷமாகவே இருக்கிறது.

1914 மார்ச் 17-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து நெவாசா என்ற கப்பல் புறப்பட்டது. குடுமியை எடுத்துவிட்டு, பழக்கமில்லாத பூட்ஸுக்குள் காலை நுழைத்துக்கொண்டு, கண் கலங்க அதில் ஏறினார் கும்பகோணத்து ராமானுஜன். அதே கப்பலில் டாக்டர் முத்துவும் பிரயாணம் செய்தார். கதை எழுதுகிறவனுக்கு இந்த இடத்தில் பேனா தானாக ஓடப் பார்க்கும்: கப்பல் தளம், நிலவு, கணித மேதையின் முகத்தை உற்றுப் பார்க்கும் க்ஷயரோக நிபுணர்! நல்லவேளையாக இது சரித்திரக் கட்டுரை. பேனாவைக் கட்டிப் போடுகிறேன்.

கேம்பிரிட்ஜில் ராமானுஜன் தம் அறையில் தாமே சமைத்துக்கொண்டார். குளிர் அவரைப் பாடாய்ப் படுத்தியது. ஒருநாள் மகலனோபிஸ் (பின்னால் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர்தான்) அவர் அறைக்குப் போனபோது, ராமானுஜன் ஓவர்கோட்டும் சால்வையும் போர்த்திக்கொண்டு படுத்த கதையைச் சொன்னார். கம்பளிகளெல்லாம் படுக்கையோடு சேர்த்து இழுத்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை! மகலனோபிஸ் சொல்லிக் கொடுத்தார். உலகத்தின் மிகச் சிக்கலான சூத்திரங்களை எழுதியவருக்குத் தேவைப்பட்ட சிநேகிதம் இந்த மாதிரியானதுதான்.

இன்னொரு சம்பவம். நண்பர் ஒருவரையும் அவருக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணையும் சாப்பிட அழைத்து ரசம் பரிமாறினார். விருந்தாளிகள் இரண்டு முறை வாங்கிக்கொண்டு, மூன்றாம் முறை வேண்டாம் என்றார்கள். ராமானுஜன் வெளியே போனவர் திரும்பி வரவில்லை. சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது. அன்னிய ஊரில் ஒருவன் வைக்கும் ரசத்தில் புளியும் மிளகும் மட்டுமா கொதிக்கின்றன?

1917-ல் அவர் நோயில் விழுந்தார். க்ஷயம் என்று சந்தேகித்தார்கள். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் மெண்டிப் குன்றுகளில், டாக்டர் முத்துவின் சானடோரியத்தில் சேர்ந்தார். அறிந்த முகம், நம் பக்கத்து மனிதர், இந்த நோயில் பேர் பெற்றவர். இதைவிட என்ன வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அங்கே அவர் நெடுநாள் தங்கவில்லை. பிறகு டெர்பிஷயர் மலைப்புறத்தில், மாட்லாக் என்ற ஊரில் இன்னொரு சானடோரியம். திறந்த ஜன்னல், நெருப்பில்லாத அறை. ஹார்டிக்கு எழுதிய கடிதம் ஒன்றில், அறை குளிர்கிறது, குளியலறை கதகதப்பாக இருக்கிறது, இனி அங்கே போய் உட்கார்ந்துதான் கணக்குப் போடப் போகிறேன் என்று அவர் எழுதியதைப் படித்தால் சிரிப்பும் வருகிறது, வேறு ஏதோவும் வருகிறது.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கடலில் நீர்மூழ்கிகள். ஊருக்குத் திரும்ப முடியாது. வீட்டில் மாமியார் மருமகள் மனஸ்தாபம். மனைவியின் கடிதங்கள் வந்து சேரவில்லை. 1918 தொடக்கத்தில் லண்டனில் அவர் பாதாள ரயிலின் முன் விழப்போய் உயிர் தப்பினார். அதே ஆண்டுதான் ராயல் சொஸைட்டி அவரை எப்.ஆர்.எஸ். ஆக்கிற்று.

அந்த ஜூன் மாதத்தில் மாட்லாக்குக்கு ஒரு விருந்தாளி வந்தார். பெயர் ஏ. எஸ். ராமலிங்கம். வட இங்கிலாந்தில் ஜாரோ என்ற ஊரில் கப்பல் கட்டும் தொழிற்சாலையில் வேலை செய்த இன்ஜினீயர். 1914-ல் லண்டனில் ராமானுஜனைச் சந்தித்த பழக்கம். மூன்று நாள் கூடவே இருந்தார். திரும்பிப் போய் ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். அதில் கணிதம் இல்லை. முழுக்க முழுக்கச் சாப்பாடு! எதைச் சமைத்துப் போடுகிறார்கள், எதை இவர் தொடுவதில்லை, ஏன் உடம்பு தேறவில்லை என்ற விவரங்கள். நண்பரின் நாக்குப் பிடிவாதத்தையும் அவர் தயவு தாட்சண்யமில்லாமல் கண்டித்திருக்கிறார். நிபுணர்கள் நுரையீரலைத் தட்டிப் பார்த்தார்கள்; இந்த மனிதர் தட்டைப் பார்த்தார். மூன்று நாளுக்கு மேல் அவருக்கு லீவு கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

ராமானுஜன் 1919-ல் நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சேத்துப்பட்டில் காலமானார். அவருக்கு இருந்தது க்ஷயமே அல்ல, ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-ல் ஓர் ஆங்கில டாக்டர் பழைய குறிப்புகளை அலசிச் சொன்னார். அப்படியானால் அந்தக் குளிரெல்லாம் வீண்.

டாக்டர் முத்துவும் ஊர் திரும்பினார். 1928-ல் தாம்பரத்தருகே சுமார் 250 ஏக்கரில், மெண்டிப் மாதிரியிலேயே, 12 படுக்கைகளுடன் ஒரு சானடோரியம் தொடங்கினார். நம் ஸ்டேஷன் பெயரின் மூலம் அதுதான். சாமர்செட் குன்றின் திறந்த ஜன்னல் தாம்பரத்துக் காற்றுக்குத் திறந்தது. இங்கே அதனால் யாருக்கும் நடுக்கம் இல்லை! 1937-ல் சர்க்கார் அதை வாங்கிக்கொண்டது.

அதே 1937-ல் தாம்பரத்துக்கு வேறு சிலரும் குடி வந்தார்கள். கிறிஸ்தவக் கல்லூரி சென்னைப் பட்டணத்து நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டுக்கு மாறியது. ஸ்காட்லாந்து, இங்கிலாந்துப் பேராசிரியர்கள் மான்களுக்கும் பாம்புகளுக்கும் நடுவே குடித்தனம் நடத்தினார்கள். ரசாயனப் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவியும் நட்டு வளர்த்த மரங்கள் இன்னும் அங்கே நிழல் தருகின்றன. அவர்களும் அன்னிய தேசத்துக் கிராமவாசிகள்தாம். ஆனால் வந்தவர்கள் கூட்டமாக வந்தார்கள். சாயங்காலம் தேநீரும் தாய்மொழிப் பேச்சும் பக்கத்து வீட்டிலேயே கிடைத்தன. மாட்லாக்கில் ராமானுஜனுக்குக் கிடைத்தது மூன்று நாள்.

1956-ல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். க்ஷயரோகிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்து, மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்து, இருவருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கோ நெருக்கமான அறைகள், ஏழைச் சாப்பாடு. 1959-ல் முடிவு வெளிவந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் அதிகமாக நோய் தொற்றவில்லை. அதற்குப் பிறகு உலகமெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நோயாளியை ஊரை விட்டு ஓட்ட வேண்டியதில்லை, மருந்தை அவன் வீட்டுக்கு அனுப்பினால் போதும் என்று உலகத்துக்குச் சொன்ன அந்த ஆராய்ச்சி நிலையம் இருப்பது சேத்துப்பட்டில். ராமானுஜன் கண்ணை மூடிய அதே சேத்துப்பட்டு.

தாம்பரத்தில் டாக்டர் முத்து தொடங்கிய இடம் இன்று சர்க்காரின் பெரிய நெஞ்சக ஆஸ்பத்திரி. தினமும் காலையில் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்குகிற கூட்டத்தில், எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம். பெரும்பாலும் பக்கத்தில் ஒருவர் தூக்குப் பாத்திரத்துடன் கூட நடக்கிறார்.