சிப்பி உணர்ந்ததும் உணராததும்: ஆர்க்கஷோன் விரிகுடாவை முன்வைத்து

சிப்பி வளர்ப்பு விரிகுடாவின் நீரைத் தூய்மையாக்குகிறது என்ற கூற்று சூழலியல் எழுத்துகளில் ஏறத்தாழக் கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது. வளர்ந்த சிப்பி மணிக்குப் பல லிட்டர் நீரை வடிகட்டும் என்பது மெய்தான். ஆனால் அது உண்ணும் நுண்பாசியில் ஒரு பகுதியே சதையாகிறது. எஞ்சியது கழிவாக அடிச்சேற்றில் படிந்து, அதிலுள்ள நைட்ரஜனில் கொஞ்சம் காற்றில் கலக்க, கணிசமான அளவு மீண்டும் நீருக்கே திரும்புகிறது. ஐயத்துக்கு இடமின்றி வெளியேறுவது அறுவடையோடு கரையேறும் பங்குதான். இத்தொழிலால் விரிகுடாவுக்குக் கிடைக்கும் பெரிய நன்மை வேறிடத்தில் இருக்கிறது என்பது என் வாதம்: நீர் கெட்டால் பிழைப்பும் கெடும் என்ற நிலையிலுள்ள ஒரு சமூகத்தை அது கரையில் நிலைநிறுத்துகிறது. பிரான்சின் தென்மேற்கிலுள்ள ஆர்க்கஷோன் இதற்குச் சான்று. இவ்வாதம் எதுவரை செல்லும் என்பதற்கும் அதுவே சான்று.

ஆர்க்கஷோன் பிரான்சின் முதன்மையான சிப்பிக்குஞ்சு நிலங்களில் ஒன்று. கோடையில் சுண்ணாம்பு பூசிய ஓடுகளை நீரில் இறக்குவார்கள். இளவுயிரிகள் அவற்றில் ஒட்டி வளர்ந்ததும் சுரண்டியெடுத்துப் பிற கரைகளுக்கும் அனுப்புவார்கள். 1977 முதல் 1981 வரை இந்தக் குஞ்சுப்பிடிப்பு பெரும்பாலும் பொய்த்தது. வளர்ந்த சிப்பிகளின் ஓடுகள் தடித்து, அவற்றினுள் கூழ் நிறைந்த அறைகள் தோன்றின. கொட்டலசு ஒட்டாதிருக்கப் படகுகளின் அடியில் பூசப்பட்ட டிரைபியூட்டில்டின் கலந்த வண்ணப்பூச்சே காரணம் என்று குளோத் அல்சியூவும் உடன் ஆய்வாளர்களும் காட்டினர். லிட்டருக்குச் சில நானோகிராம் அளவே தீங்கு செய்யப் போதுமான நஞ்சு அது. 1982 ஜனவரியில் 25 மீட்டருக்குக் குறைந்த நீளமுள்ள படகுகளுக்கு பிரான்ஸ் அதைத் தடைசெய்தது; குஞ்சுப்பிடிப்பும் மீண்டது. இதே நஞ்சின் விளைவு 1970இலேயே இங்கிலாந்தின் பிளிமத் கரையில் தென்பட்டிருந்தது: பெண் நத்தைகளில் ஆணுறுப்பு வளர்ந்திருந்தது. சந்தையில் விலையில்லாத நத்தை என்பதால், காரணம் துலங்கப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. பிரிட்டன் 1987இல்தான் சிறு படகுகளுக்குத் தடை விதித்தது. உலகளாவிய உடன்படிக்கை 2001இல் உருவாகி 2008இல் நடைமுறைக்கு வந்தது. சிப்பிக்கு வளர்ப்போர் இருந்ததுபோல, நத்தைக்காக நட்டக் கணக்கேட்டைத் தூக்கிக்கொண்டு அமைச்சகத்துக்குப் போக யாரும் இல்லை.

வளர்ப்போரே அயல் உயிர்களைக் கொண்டுவந்தவர்கள்தானே என்று மறுக்கலாம். 1970களின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியச் சிப்பி நோயால் அழிந்தபின் பசிபிக் சிப்பியை ஜப்பானிலிருந்தும் கனடாவிலிருந்தும் இறக்கியவர்கள் அவர்கள். ஜப்பானியச் சர்காசம் பாசியும் அதனோடு வந்து சேர்ந்தது. மறுப்பு சரியே. ஆனால் நான் பேசுவது அவர்களின் நற்குணத்தை அன்று, நலனை. நலன் தனக்கு வலிக்கும் இடத்தில் மட்டுமே விழித்திருக்கும். இதைவிடக் கடினமான மறுப்பு கடற்புல்லிலிருந்து வருகிறது: 1989க்கும் 2007க்கும் இடையே இவ்விரிகுடாவின் குட்டைக் கடற்புல் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மறைந்தது. அந்த இழப்பு எந்தச் சிப்பி ஓட்டையும் தடிக்க வைக்கவில்லை; ஒற்றைக் காரணமும் அகப்படவில்லை. ஆகவே நீரின் நலத்துக்குச் சிப்பித் தொழிலின் நலத்தையே அளவுகோலாக்கும் நிர்வாகம் கடற்புல்லைக் காணத் தவறும். அதன் பரப்பைத் தொழில் சாராத அமைப்பு தனியே அளந்தாக வேண்டும்.

தொழிலுக்கே வலித்தாலும் இவ்வாதம் செல்லாத ஓரிடம் உண்டு. 2008 முதல் ஹெர்ப்பஸ் வகை வைரஸ் ஒன்று பிரான்சின் சிப்பிக்குஞ்சுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. குஞ்சுகளைக் கரைக்குக் கரை ஏற்றிச்செல்லும் வழக்கமும் அது பரவத் துணைபோனது. 1982இல் படகுக்காரர் மீது விரல் நீட்டிய தொழிலுக்கு, இம்முறை வெளியே விரல் நீட்ட ஆள் அகப்படவில்லை.