பாட்டே இல்லாத இசைத்தட்டு

இசைத்தட்டு என்றால் அதில் பாட்டு இருக்கும் என்பது நம் காலத்து நம்பிக்கை. ஆனால் பாட்டே பதியாத தட்டு ஒன்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. பார்க்க நம் எல்.பி. போலவே 12 அங்குலம். சாதாரண ரெக்கார்ட் பிளேயரில் வைத்தால் 'கீ' என்று ஒரே சுருதியில் காதைக் குடையும், அவ்வளவுதான். டி.ஜே.க்கள் அதைத்தான் சுழற்றுகிறார்கள்.

இந்தக் கதை நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் தொடங்குகிறது. 1973 ஆகஸ்ட் 11 அன்று அங்கே தங்கை வைத்த விருந்தில் தட்டுகளைச் சுழற்றினார் ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு பிளேயர்களில் மாற்றி மாற்றி ஓட்டி, தாளம் மட்டும் வரும் இடத்தை நீட்டுவது அவர் பிரபலமாக்கிய வித்தை. இந்தக் கலைக்கு வாகாக அமைந்தது 1972-ல் ஜப்பானில் வெளியான டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200. அதில் பெல்ட் கிடையாது. மோட்டாரே தட்டைச் சுழற்றும். கையால் பிடித்து நிறுத்திவிட்டு விட்டால் உடனே வேகம் பிடிக்கும்.

ஆனால் பெட்டி பெட்டியாகத் தட்டுகளைச் சுமக்க வேண்டியிருந்தது. கணினியில் ஆயிரக்கணக்கான பாட்டுகள் அடங்கும் என்றாலும், சுண்டெலியைப் பிடித்துக்கொண்டு தட்டை உருட்டும் சுகம் வருமா? இதற்கு விடையாக 1990-களின் கடைசியில் ஹாலந்தில் உருவானது ஃபைனல் ஸ்கிராட்ச். 2004-ல் நியூசிலாந்தின் செராட்டோவும் அமெரிக்காவின் ரேனும் சேர்ந்து ஸ்கிராட்ச் லைவைக் கொண்டுவந்தன.

சூட்சுமம் எளியது. பாட்டு கணினியில் இருக்கிறது. தட்டில் இருப்பது வெறும் அடையாள ஒலி. செராட்டோ தட்டில் அது நொடிக்கு 1000 அதிர்வுகள். இடது, வலது இரண்டு பக்கத்திலும் அதே ஒலிதான். ஆனால் ஒன்று மற்றதைவிடக் கால் சுற்று முந்தி வரும். சுருதி ஏறி இறங்குவதை வைத்து வேகத்தையும், எது முந்துகிறது என்பதை வைத்துத் திசையையும் கணினி கண்டுகொள்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் திரையில் ஒரு வட்டம் தெரியும்.

நம் தலைமுறைக்குச் சுவாரசியமான இடம் இனிமேல்தான் வருகிறது. கூட்டம் ஆடிக்கொண்டிருக்கும்போது பாட்டு திக்கித் திணறுகிறது. பையன் பதறிப்போய்க் கணினியைத் தட்டுவான். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. வட்டம் பிசிறடித்தால் முள்ளில் தூசி சேர்ந்திருக்கலாம், அல்லது முள் தேய்ந்திருக்கலாம். வட்டம் போய் ஒற்றைக் கோடு நின்றால் ஒரு பக்கத்து ஒலி வரவில்லை: முள் பொருத்திய காட்ரிட்ஜின் பின்னால் இருக்கும் வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சை என்ற நான்கு மெல்லிய ஒயர்களில் ஒன்று கழன்றிருக்கும். இடது, வலது பின்கள் இடம் மாறினால் பாட்டு தலைகீழாக ஓடும். 'உம்' என்ற உறுமலோடு வட்டம் நடுங்கினால் எர்த் ஒயரைப் பாருங்கள். வட்டம் புள்ளியாகச் சுருங்கினால், சில மில்லிவோல்ட் மட்டுமே தரும் முள்ளை 'ஃபோனோ'வில் சேர்க்காமல் 'லைன்' வழியில் சேர்த்திருப்பார்கள்.

எந்தப் பக்கம் கோளாறு என்று தெரியாவிட்டால், இரண்டு பிளேயர்களின் ஒயர்களையும் இடம் மாற்றிச் செருக வேண்டும். கோளாறும் கூடவே இடம் மாறினால் குறை பிளேயரில். மாறாமல் அங்கேயே நின்றால் குறை கணினிப் பக்கத்தில். அந்நாள் ரேடியோ ரிப்பேர்க்காரர் செய்ததும் இதைத்தான்.

மெல்லிய பிரஷ்ஷால் முள்ளைத் துடைத்ததும், எர்த் ஒயரை இறுக்கியதும் நமக்குப் பழகிய வேலைகள். பாட்டு கணினிக்குக் குடிபோய்விட்டது. ஆனால் முள் இன்னும் பள்ளத்தில்தான் ஓடுகிறது. அது ஓடும்வரை அந்தப் பழைய கைப்பழக்கத்துக்கும் வேலை உண்டு. உங்கள் வீட்டுப் பேரப்பிள்ளை இப்படி ஒரு பெட்டியோடு மல்லுக்கட்டினால், தயங்காமல் பக்கத்தில் போய் உட்காருங்கள்.